ஜன்னல் சாரைத் தேடிப் போன ஞாயிறு

மேற்கு தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவின் நடுவில் நின்றுகொண்டு நாங்கள் மூன்று பேர் "கலெக்டர்! கலெக்டர்!" என்று கத்திக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். ஹார்பர் அண்ணன் தோளில் ஒரு பெரிய ரோஜா மாலை. பாய் கையில் குடை. என் கையில், பிளாஸ்டிக் ஃபைலுக்குள் பத்திரமாக, இறந்துபோன ஒருவரின் முகவாய்க்கட்டை.

முகவாய்க்கட்டைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கலெக்டர்.

கலெக்டர் ஒரு நாய். எங்களோடு தினமும் ரயிலில் வரும் ஜன்னல் சாரின் பக்கத்து வீட்டு நாய். அவர் வீட்டைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த தடயங்களில் உயிருள்ளது அது ஒன்றுதான். கூப்பிட்டால் வரும், வந்தால் பின்னாலேயே போகலாம் என்பது என் திட்டம். திட்டங்கள் எல்லாமே அப்போது என்னுடையவைதான்.

நாய் வரவில்லை. ஒரு அம்மா பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார்.

"கலெக்டர் வந்திருக்காரா? எங்க சார்?"

"இல்லம்மா, நாங்க தேடிக்கினு கீறோம்," என்றார் ஹார்பர் அண்ணன்.

"வந்தா சொல்லுங்க. நாலு நாளா தண்ணி வரல. நீங்க கையில ஃபைல் வெச்சிருக்கீங்களே தம்பி, எழுதிக்கக் கூடாதா?"

எழுதிக்கொண்டேன். என்ன செய்வது? அதற்குள் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர், சாக்கடை மூடி இல்லை என்று ஒருவர், எதிர்வீட்டு முருங்கை மரம் தன் வீட்டுக்குள் வளைகிறது என்று ஒருவர். ஐந்து நிமிடத்தில் வரிசை கட்டிவிட்டார்கள். பாய் குடையை நீட்டி வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

சாவு வீட்டுக்குப் போகிற வழியில் இப்படி ஒரு மனுநீதி நாள் நடத்தியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஏழு நாற்பத்திரண்டு

நான் படிப்பை முடித்து, பாரிமுனையில் ஒரு சின்ன கூரியர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத் தொடங்கியிருந்த காலம். சேலையூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் தாம்பரம் வந்து, ஏழு நாற்பத்திரண்டு பீச் வண்டியைப் பிடிப்பேன். முன்னாலிருந்து நான்காவது பெட்டி. அந்தப் பெட்டியில்தான் இவர்கள்.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. முதல் நாள் நான் ஏறி, "இந்த வண்டி கிண்டில நிக்குமா? எவ்வளவு நேரம் நிக்கும்? ஏன் அவ்வளவு நேரம்?" என்று கேட்டதில், குரோம்பேட்டை வருவதற்குள் "டவுட்டு" ஆகிவிட்டேன். ஹார்பர் அண்ணன் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், யூனியன் ஆள். பாய் பல்லாவரத்தில் ஏறுவார். பாரிமுனையில் மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் மொத்த வியாபாரம். ஜன்னல் சார் ஏதோ ஓர் அரசாங்க அலுவலகம். மேற்குப் பக்க ஜன்னல் ஓரம். அவ்வளவுதான்.

அவர்கள் மூவரும் ஆறு வருடமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து போகிறவர்கள். தினமும் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுவார்கள். ஹார்பர் அண்ணனின் மச்சினன் சொத்துத் தகராறு ஜன்னல் சாருக்கு மனப்பாடம். பாயின் பித்தப்பையிலிருந்து எடுத்த கற்கள் எந்த நிறம் என்பது பெட்டிக்கே தெரியும். ஜன்னல் சார் வீட்டில் புதன்கிழமை வெண்டைக்காய், எதிரே பாதியில் நிற்கும் கட்டடத்தில் ஒரு திருஷ்டி பொம்மை, அதற்கு அவருடைய மேனேஜரின் அதே மீசை, பக்கத்து வீட்டில் கலெக்டர் என்றொரு நாய். எல்லாம் தெரியும்.

பெயர் தெரியாது. முடிச்சூர் சாலைப் பக்கம் என்பதற்கு மேல் தெரு தெரியாது. செல்போன் அவரிடம் கிடையாது. "தினம் காலைல என்னைப் பாக்கறீங்க, அப்புறம் எதுக்குப் போனு?" என்பார்.

பீச்சில் இறங்கினால் ஆளுக்கொரு திசை. மறுநாள் ஏழு நாற்பத்திரண்டு.

கைக்குட்டை

ஒரு திங்கட்கிழமை ஜன்னல் சார் வரவில்லை.

எங்கள் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வருபவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கைக்குட்டையோ துண்டோ போட்டு மற்றவர்களுக்கு இடம் பிடிக்க வேண்டும். ஹார்பர் அண்ணன் வழக்கம்போல ஜன்னல் சார் இடத்தில் தன் கைக்குட்டையைப் போட்டார். வண்டி கிளம்பியது. கைக்குட்டை மட்டும் காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

செவ்வாயும் அப்படியே. புதனும்.

நிற்க இடமில்லாத பெட்டியில் ஒரு கைக்குட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து போவதை யார் பொறுப்பார்கள்? கிண்டியில் ஏறிய ஒருவர் கேட்டே விட்டார்.

"இங்க யாரு?"

"ஆள் வருது," என்றார் ஹார்பர் அண்ணன்.

"எங்க வருது? கிண்டி தாண்டியாச்சு. இனிமே எங்க ஏறுவாரு?"

"எங்க வேணா ஏறுவாரு. உனுக்கு இன்னா பேஜாரு? நில்லு."

வியாழக்கிழமை பாய் மெதுவாகச் சொன்னார்: "ஆறு வருஷத்துல அவர் ரெண்டு நாள் சேர்ந்தாப்ல லீவு போட்டதில்லப்பா."

மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் எழும்பியது. ஜன்னல் சார் இருந்தால் அது எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்லியிருப்பார். தப்பாகத்தான் சொல்வார். ஆனாலும் சொல்வார்.

மாடு தின்ற மீதி

எங்கள் ஊர் மாடுகளுக்கு எந்தப் பாகுபாடும் கிடையாது. அரசியல், சினிமா, ஆன்மிகச் சொற்பொழிவு, மூலம் பவுத்திரம், எதுவானாலும் சுவரில் ஒட்டிய மைதாப் பசை காய்வதற்குள் வந்து உரித்துத் தின்றுவிடும். சின்ன வயதில் நான் ஒரு முழு வேட்பாளரை ஒரு பசு நிதானமாக உண்பதை நின்று பார்த்திருக்கிறேன். கும்பிட்ட கைகளைக் கடைசியாகச் சாப்பிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வேலையாக மேற்குப் பக்கம் போயிருந்தேன். ஸ்டேஷன் சுவரில் அஞ்சலி போஸ்டர் ஒன்று. "கண்ணீர்" ஒரு மாட்டின் வாயில் இருந்தது. "அஞ்சலி" மட்டும் சுவரில் இருந்தது. படத்தில் முகம் போய்விட்டது. ஒரு முகவாய்க்கட்டை, அதில் ஒரு குழி, கட்டம் போட்ட சட்டைக் காலர். கீழே பாதிப் பெயர்: "...ன் அவர்கள்". மறைவு: அந்தத் திங்கட்கிழமை.

ஜன்னல் சாருக்குக் கட்டம் போட்ட சட்டை உண்டு. முகவாயில் குழி உண்டு என்று அந்த நிமிடம் எனக்குச் சத்தியமாகத் தோன்றியது.

மாட்டை விரட்டிவிட்டு, மிச்சத்தைச் சுவரிலிருந்து உரித்து, பசை சொட்டச் சொட்ட ஏழு நாற்பத்திரண்டுக்கு எடுத்து வந்தேன்.

பெட்டி முழுக்க அந்த முகவாய்க்கட்டை கை மாறியது. பாய் தன் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஆராய்ந்தார். பிறகு வேறொரு கண்ணாடி. "பவர் பத்தல," என்று மூன்றாவது.

"சாரோடது இவ்ளோ கூரா இருக்காதுப்பா."

"ஷேவிங் பண்ணா கூராத்தான் தெரியும் பாய்," என்றேன்.

"குழி இருந்துச்சா அவருக்கு? நீ சொல்லு ஹார்பரு, எதிர்ல உக்கார்றது நீதானே?"

ஹார்பர் அண்ணன் நெடுநேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "ஆறு வருசமா எதிர்ல உக்காந்து பாத்துக்கினு கீறேன். குழி கீதா இல்லயான்னு தெரிலயேபா," என்றார்.

பீச் வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை துக்கம் விசாரிக்கப் போவது என்று முடிவானது. சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது என்று மாலை வாங்கியது ஹார்பர் அண்ணன்.

மீசை வைத்த பொம்மை

கலெக்டர் கடைசிவரை வரவில்லை. எங்களைக் காப்பாற்றியது திருஷ்டி பொம்மைதான். மூன்று தெரு தள்ளி, பாதியில் நிற்கும் ஒரு மாடியின் கம்பியில் அது தொங்கியது. முறுக்கிய மீசை. அதைப் பார்த்ததும் நாங்கள் மூவரும் ஒரே குரலில், "மேனேஜர்!" என்றோம்.

எதிர்வீட்டு கேட்டில் கல்லில் ஒரு பெயர் வெட்டியிருந்தது: ப. கோதண்டராமன். போஸ்டரிலிருந்த அந்த "ன்" கூடப் பொருந்தியது. ஆனால் அந்தப் பெயருக்கும் எங்கள் ஆளுக்கும் ஒட்டவே இல்லை. யாரோ மூன்றாம் மனிதர் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

வாசலில் பந்தல் இல்லை. வாடகை நாற்காலி இல்லை. செருப்புக் கூட்டம் இல்லை.

"எல்லாம் முடிஞ்சி பூட்சி. லேட்டா வந்துட்டோம்பா," என்றார் ஹார்பர் அண்ணன்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். பல நாள் சரியாகத் தூங்காத முகம். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நீங்க ஹார்பர். நீங்க கண்ணாடி பாய். கல் எடுத்த இடத்துல இப்ப வலி இல்லையே? இது டவுட்டு. ஒல்லியா இருப்பான்னு சொன்னார், இவ்வளவுன்னு சொல்லல. உள்ள வாங்க."

நாங்கள் இந்த வீட்டைத் தெரிந்து வைத்திருந்ததைவிட இந்த வீடு எங்களைத் தெரிந்து வைத்திருந்தது.

"எப்படிக்கா ஆச்சு?" என்றார் ஹார்பர் அண்ணன்.

"திங்கக்கிழமைதான். எழுந்தார், குளிச்சார், நாற்காலில உட்கார்ந்தார். வண்டிக்கு நேரமாச்சுன்னு சொன்னேன். நகரவே இல்ல."

"கஷ்டப்பட்டாரா?"

"அவர் எங்க கஷ்டப்பட்டார்? கஷ்டமெல்லாம் எனக்குத்தான்."

ஹார்பர் அண்ணன் விசும்ப ஆரம்பித்தார். அப்போது உள்ளே, சமையலறைப் பக்கமிருந்து ஒரு குரல்:

"யாரு வந்திருக்கா? மணி பத்தேகாலா? இரு, எழுதிக்கறேன்."

ஜன்னல் சார் வந்தார். பனியன், வேட்டி, காதில் பேனா, கையில் நோட்டு, தோளில் தையல்காரர் டேப். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

முகவாயில் குழியே இல்லை.

பாய் என்னைப் பார்த்த பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். ஹார்பர் அண்ணன் அவ்வளவு பெரிய மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். இரண்டு பக்கமும் ரோஜா தெரிந்தது.

"மாலை எதுக்கு?" என்றார் ஜன்னல் சார்.

"குன்றத்தூர் முருகனுக்கு சார்!" என்றேன் நான். "போற வழில உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு."

"பாயுமா?"

"துணைக்கு," என்றார் பாய், கல் போன்ற முகத்தோடு.

அங்க அடையாளம்

விஷயம் இதுதான். அலுவலகத்தில் ஏதோ ஒரு மருத்துவ அட்டைக்காகப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். மனைவி பெயர் எழுதியாயிற்று. அடுத்த கட்டம், அங்க அடையாளம் இரண்டு. ஜன்னல் சாருக்குப் பேனா நகரவில்லை.

"ஹார்பருக்கு இடது முழங்கைல சங்கிலி கிழிச்ச தழும்பு இருக்கு. பாய்க்குக் காதுல மச்சம். இதெல்லாம் சட்டுனு ஞாபகம் வருது. இவளுக்கு ஒண்ணுகூட வரல. உங்க மூணு பேருக்கும் கேட்டிருந்தா அப்பவே நிரப்பியிருப்பேன். இவ கட்டத்தைக் காலியா ரெண்டு நாள் பையில வெச்சிருந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது.

"நாளைக்கே இவளைக் காணோம்னு வெச்சுக்கோங்க. போலீஸ்ல போய் நான் என்ன அடையாளம் சொல்வேன்? உயரம் என்னன்னு கேட்டா? நானும் ரிட்டயர் ஆகற வயசு. இவளை எப்ப பாக்கப் போறேன்?"

அதனால் இரண்டு வாரம் லீவு. மனைவியைப் பார்க்க. வாழ்நாள் முழுக்கக் கோப்பு பார்த்தவர் வேறு எப்படிப் பார்ப்பார்? நோட்டுப் போட்டுவிட்டார். காலையில் பால் வாங்கினால் பின்னால் நிற்கிறார். கடுகு தாளித்தால் "ஏன் கடுகு முதல்ல?" என்று கேட்டு எழுதுகிறார். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் எந்தக் கொடியில் எந்தத் துணி என்று படம் வரைகிறார். கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு: பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அளப்பதுபோல், முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவரை நிறுத்திவைத்து உயரம் அளந்திருக்கிறார்.

"ரெண்டு அடையாளம் கண்டுபிடிச்சாச்சு," என்று நோட்டைப் புரட்டிப் படித்தார். "ஒண்ணு, வலது காதுக்குக் கீழ ஒரு மச்சம்."

"அது மச்சம் இல்ல," என்றார் அந்த அம்மா. "தலை தீபாவளில நீங்க விட்ட சங்குசக்கரம் பட்ட இடம்."

ஜன்னல் சார் பேனாவை மூடினார். அடித்து எழுதவும் இல்லை, படிக்கவும் இல்லை.

நீர்யானை

"என் பேரு சுலோச்சனா," என்றார் அந்த அம்மா, எங்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டே. "நீங்க யூனியன் ஆள்தானே? பஞ்சாயத்து பண்ணுங்க. இவரைத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"ரெண்டு தரப்பும் கேக்கணும்கா. சொல்லு," என்று ஹார்பர் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாலை மடியில்.

"காலைல ஏழேகாலுக்கு அவர் செருப்புப் போட்டா, அப்புறம் இந்த வீடு என்னுது. ரேடியோ, ரெண்டாவது காபி, பேப்பர். மாசத்துக்கு ஒரு புதன்கிழமை வண்டலூர்."

"வண்டலூர்ல யாரு ஆன்ட்டி?" என்று கேட்டது நான்தான்.

"நீர்யானை."

மாதம் ஒருமுறை பஸ் பிடித்து உயிரியல் பூங்காவுக்குப் போவாராம். கையில் சாப்பாட்டு டப்பா. நேரே நீர்யானை இருக்கும் பக்கம். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவார். எட்டு வருடமாக.

"எனக்குத் தெரியவே தெரியாது!" என்றார் ஜன்னல் சார், ஏதோ பெரிய ஊழலைக் கண்டுபிடித்தவர்போல.

"நீங்க கேக்கல. நான் சொல்லல. அது தண்ணில கிடக்கும். மூக்கு மட்டும் தெரியும். ஒரு கேள்வி கேக்காது. அது போதும் எனக்கு. இந்தப் புதன்கிழமை இவரும் வந்தார். அது வாயைத் திறக்கறதுக்குள்ள இவர் எட்டுக் கேள்வி கேட்டார். அது முங்கினது முங்கினதுதான், வெளிய வரவே இல்ல."

பாய் குடைக்குப் பின்னால் சிரித்தார்.

"இப்ப நீ இன்னா கேக்குற, அத்த சொல்லுக்கா," என்றார் ஹார்பர் அண்ணன்.

சுலோச்சனா ஆன்ட்டி கொஞ்சம் யோசித்தார். "என் நீர்யானையை இவர் பாத்துட்டார். இவரோட ஜன்னலை நான் பாக்கணும். சாயங்காலம் வந்தா ஹார்பர் இப்படிச் சொன்னார், பாய் அப்படிச் சொன்னார்னு ஆறு வருஷமா அதே கதை. அப்படி என்னதான் இருக்கு அந்த ஜன்னல்ல? நாளைக்கு நான் வரேன். அதோட லீவை ரத்து பண்ணிட்டு இவர் வேலைக்குப் போகணும். நோட்டு வீட்டுல இருக்கணும்."

"நாளைக்கேவா?" என்று இழுத்தார் ஜன்னல் சார்.

"நாளைக்கே," என்றது பஞ்சாயத்து.

கிளம்பும்போது ஆன்ட்டி எங்களை விடவில்லை. "மறக்காம முருகன் கோயில் விபூதி கொண்டு வாங்க." அப்புறம் என்ன, நிஜமாகவே குன்றத்தூர் பஸ் ஏறினோம். மாலையை யாருக்கும் போடவில்லை, புதுசுதான் என்று ஹார்பர் அண்ணன் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் மலையேற, பாய் அடிவாரத்தில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். "அல்லாவே, ஒரு முகவாய்க்கட்டைக்காக என்னை எங்கெல்லாம் கொண்டு வந்து உக்கார வெக்கிறான் பாரு," என்று அங்கிருந்த தேங்காய்க் கடைக்காரரிடம் முறையிட்டாராம்.

படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழி விழுந்த முகவாய்க்கட்டை யாரோ ஒருவருடையது. நாங்கள் சிரித்துக்கொண்டு திரும்பும் அந்த ஞாயிற்றுக்கிழமை, மேற்கு தாம்பரத்தில் எங்கோ ஒரு வீட்டில் நிஜமாகவே பந்தல் போட்டிருந்தது. ஃபைலைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் மடிக்காமல் அலமாரியில் வைத்தேன்.

அன்று சாயங்காலம், சேலையூரில்

சமையலறை வாசலில் உட்கார்ந்து என் அம்மாவைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"வேலை போயிடுச்சா?"

"இல்லம்மா."

"எவளையாவது இழுத்துக்கிட்டு வரப் போறியா? இப்பவே சொல்லிடு."

"ஐயோ, இல்லம்மா. சும்மா பாக்கறேன்."

"சும்மா ஏன் பாக்கற? எனக்குப் பயமா இருக்கு." அருகில் வந்து, காய்ச்சல் இருக்கிறதா என்று என் கழுத்தில் கையை வைத்தார். உள்ளங்கையில் ஏதோ மேடாக, ஒரு கோடு மாதிரி உரசியது.

"இது என்னம்மா?"

"எது? இதுவா? இது நீ பிறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு," என்றார். கையை இழுத்துக்கொண்டு போய் குழம்பைக் கிளறினார்.

திங்கட்கிழமை

ஏழு முப்பத்தைந்துக்கெல்லாம் வந்துவிட்டார்கள். ஆன்ட்டி கத்திரிப்பூ நிறப் புடவை, தோளில் கைப்பை. பின்னால் ஜன்னல் சார், இரண்டு சாப்பாட்டுப் பையோடு, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் மாதிரி.

ஹார்பர் அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். ஆன்ட்டி உட்கார்ந்தார். வேறு இடம் இல்லை. ஜன்னல் சார் நின்றார்.

ஆறு வருடத்தில் அவர் அந்த வண்டியில் நின்றதே இல்லை. நிற்கத் தெரியவில்லை. சானடோரியத்தில் ஹார்பர் அண்ணன் மேல் விழுந்தார். குரோம்பேட்டையில் என் மேல். பல்லாவரத்தில், ஏறிக்கொண்டிருந்த பாய் மேல்.

நாங்கள் நால்வரும் வாயே திறக்கவில்லை. பேசுவதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரிந்த கதைதானே. ஆன்ட்டி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளின் பின்பக்கங்கள், கொடியில் துணிகள், பல் தேய்க்கும் ஆட்கள், கூவம், சென்ட்ரல் மணிக்கூண்டு.

மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் எழும்பியது. ஜன்னல் சார் குனிந்தார். "அது சிங்கப்பூர்..."

"சும்மா இரு சார்," என்றார் ஹார்பர் அண்ணன். "அக்கா பாத்துக்கினு கீது."

பீச் வந்தது. பெட்டி காலியானது. எல்லோரும் இறங்கினோம். ஆன்ட்டி எழுந்தார், எழுந்து, எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தார்.

"சுலோ, இறங்கு. இதான் கடைசி ஸ்டேஷன்."

"இது திரும்பத் தாம்பரம்தானே போகும்? வரும்போது அந்தப் பக்கம் பாத்தாச்சு. இந்தப் பக்கம் பாக்கணும்."

"தனியாவா?"

"தனியாத்தான். நீங்க ஆபீஸ் போங்க. அதான் பேச்சு."

ஜன்னல் சார் நடைமேடையில் நின்றார். ஒரு சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். படிக்கட்டுப் பக்கம் நாலடி போனார். நின்றார். திரும்பினார்.

ஹாரன் அடித்தது. வண்டி மெல்ல நகர்ந்தது. அந்த மனிதர் ஓடினார். ஓய்வு பெறப் போகிற வயதில், வேட்டியல்ல பேன்ட் என்பதால் பிழைத்தார். கம்பியைப் பிடித்துத் தாவி ஏறிவிட்டார்.

"சார், பத்து மணிக்கு ஜாயின் பண்ணணும்!" என்று கத்தினேன்.

"தாம்பரம் போயிட்டு வந்து போறேன்!" என்றார்.

உள்ளே ஆன்ட்டி ஒரு விரலைக் காட்டி ஏதோ கண்டிப்பாகச் சொல்வது தெரிந்தது. ஜன்னல் சார் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். ஆன்ட்டி வெளியே திரும்பிக்கொண்டார். ஜன்னல் சார் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரிலும் உட்காரவில்லை. நடுவில், தொங்கும் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆடி ஆடி நின்றார்.

"பொட்டி பூரா காலி," என்றார் ஹார்பர் அண்ணன். "அவ்ளோ சீட்டு கீது. உக்காராம இன்னாபா பண்றாரு?"

"பாக்குறாருல்ல," என்றார் பாய். "வுடுங்க."